புதுப்பிப்பு: லயன் அறைக்குள் படமெடுக்க பொக்கெட் 4கே போதுமா?

ஹட்டன் பக்கம் லயன் அறைகளில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் சிறிய வரிசை வீடுகளில்) ஆவணப்படம் எடுக்க பிளாக்மேஜிக் பொக்கெட் 4கே வீடியோ கமரா போதுமா, அதைவிடப் பெரிய சூப்பர் 35 சென்சர் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள 6கே வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

4கே போதும். "சென்சரை விடுங்க தம்பி, எஃப்1.4 பிரைம் லென்ஸ் வாங்குங்க" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும், சூம் இல்லாத லென்ஸ் அது. அந்த வகையில் சிக்மா 16 மி.மீ. போட்டேன். சென்சர் அகலம் 18.96 மி.மீ. தான் என்பதால் ஃபுல் ஃபிரேமில் (36 மி.மீ. அகல சென்சரில்) 30 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுதான் தெரியும். சுவரோடு ஒட்டி நின்றால்தான் அடுப்பும் ஆளும் சேர்ந்து வரும். ஆனால் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200இல், ஒற்றை பல்ப் வெளிச்சத்திலும் ஓர் அக்காவின் விரலில் இருந்த கொழுந்துக் கறை வரை தெளிவாக விழுந்தது.

எதிர்பாராதது ஒன்று: வெளிக்குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் லென்ஸ் கண்ணாடி வேர்த்துவிடுகிறது. கமராவைப் பைக்குள் மூடியே வைத்து, சூடு பழகிய அப்புறம் எடுத்தால் சரி.