ஆடிக்காற்றில் கோஆக்ஸ் முனையில் பொறி: ஐப்பசி இடிக்கு முன் என்ன செய்யலாம்?

மாடிக்கம்பம்:
தென்காசிப் பக்கம், இரண்டு தள வீடு, ஹாம் (அமெச்சூர்) ரேடியோ. மொட்டைமாடியில் 6 மீட்டர் ஜிஐ பைப், உச்சியிலிருந்து 40 மீட்டர் பேண்டுக்கு இன்வர்டெட் வீ (இரு கைகளும் தலைகீழ் V போலச் சரியும் டைப்போல் கம்பி ஆன்டெனா). ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடம்) ஃபெரைட் வளையத்தில் சுற்றிய 1:1 கரண்ட் பாலன் (கேபிளை ஆன்டெனாவின் இரு கைகளோடு இணைக்கும் சுருள்). அதே பைப்பில் 145/435 மெகாஹெர்ட்ஸ் வெர்ட்டிக்கல் (நிமிர்ந்த குச்சி ஆன்டெனா). இரண்டுக்கும் ஆர்ஜி-213 கோஆக்ஸ் கேபிள் (நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் ஷீல்டு), தலா 20 மீட்டர், தரைத்தள அறைக்கு வருகிறது. ரிக் (அனுப்பி வாங்கும் ரேடியோ) 100 வாட்.

ஆடிக்காற்று வீசும்போது மழையே இல்லாமல் டைப்போல் கேபிளின் முனையில் சட் சட்டென்று பொறி பறக்கிறது, நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே. ரிக்கைக் கெடுக்குமா? ஐப்பசி இடிமழைக்கு முன் ரேடியோவுக்குத் தனி எர்த் குழி போட இருக்கிறேன். வீட்டு எர்த்தோடு அதைச் சேர்க்கவே கூடாது என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிதானா? அரெஸ்டருக்கு (மின்னல் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் உறுப்பு) 90, 230, 350 வோல்ட் டியூப் (அந்த வோல்ட்டில் பற்றிக் கடத்தும் வாயுக் குழாய்) கிடைக்கிறது. எதைப் போடுவது?

பொதிகை அலை:
பொறிக்கு மட்டும் நான் சொல்கிறேன் ஓஎம் (நண்பரே). இடி வேறு, இது வேறு.

காய்ந்த காற்றில் வரும் தூசி கம்பியில் மோதி மின்னேற்றத்தை விட்டுச் செல்கிறது. உங்கள் பாலனில் இரண்டு கைகளுக்கும் இடையே டிசி பாதை கிடையாது. அதனால் மின்னேற்றம் வடிய வழியில்லை, கேபிளே கெப்பாசிட்டராகிவிடுகிறது. ஆர்ஜி-213 மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், 20 மீட்டருக்கு 2,000. அது 3,000 வோல்ட் ஏறினால் 9 மில்லிஜூல். கையில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ரிசீவர் முகப்பில் உள்ள டையோடும் எஃப்இடியும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கெட்டுப்போக அது தாராளம். பொறி பறந்த கேபிளை அப்படியே ரிக்கில் செருகாதீர்கள். முதலில் ஊசியைக் கூட்டோடு ஷார்ட் செய்யுங்கள்.

நிரந்தர வழி: நடு கம்பிக்கும் ஷீல்டுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலாகப் போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது காக்கும். 100 வாட்டில் இரண்டும் சேர்ந்து 0.05 வாட்கூடச் சாப்பிடாது, சிக்னலும் குறையாது. கார்பன் அல்லது மெட்டல் ஆக்சைடு வாங்குங்கள். வயர்வுண்ட் வேண்டாம், அது கம்பிச்சுருள் (காயில்). ஷீல்டு எர்த் ஆகியிருந்தால்தான் இது வேலை செய்யும்.

வெர்ட்டிக்கலை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். நடு ஊசிக்கும் கூட்டுக்கும் ஷார்ட் காட்டினால் அது ஏற்கெனவே டிசி கிரவுண்ட், விட்டுவிடலாம். ஓப்பன் என்றால் டீ கனெக்டரில் 34 செ.மீ. ஆர்ஜி-213 துண்டை இணைத்து மறுமுனையை ஷார்ட் செய்யுங்கள் (டீயின் நடுவிலிருந்து அளக்க வேண்டும்). 145-க்கு அது கால் அலை, 435-க்கு முக்கால் அலை. இரண்டு பேண்டுக்கும் இல்லாதது போலவே இருக்கும், டிசிக்கு நேர் எர்த். ஹெச்எஃப் (40 மீட்டர் டைப்போல்) கேபிளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

எர்த்பட்டை:
எலக்ட்ரீஷியன் சொன்னபடி செய்யாதீர்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கம்பத்தில் இறங்கும் மின்னலில் 10,000 ஆம்பியர் உங்கள் குழிக்குள் போகிறது என்று வையுங்கள். குழி 5 ஓம் இருந்தாலும் அந்த இடம் 50,000 வோல்ட் ஏறும். வீட்டு எர்த் தனியே இருந்தால் அது ஏறாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் எது? கோஆக்ஸ் ஷீல்டு, ரிக், பவர் சப்ளை, மூன்று ஊசி ப்ளக். அந்த வழியாகத்தான் பாயும். இரண்டு எர்த்தையும் வீட்டுக்கு வெளியே, மண்ணுக்குள், பட்டையால் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஐஎஸ்/ஐஇசி 62305 தரமும் இந்தப் பிணைப்பைத்தான் கேட்கிறது.

அடுத்தது இறங்குபாதை. நேரான கடத்தி மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. மின்னல் ஒரு மைக்ரோசெகண்டில் 10,000 ஆம்பியர் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் விழும். எர்த் டெஸ்டரில் 1 ஓம் காட்டியும் ரிக் போவது இதனால்தான். 25×3 மி.மீ. காப்பர் பட்டை அல்லது 25×6 ஜிஐ பட்டையைக் கம்பத்தின் அடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக நேராக இறக்குங்கள். வளைவு தேவைப்பட்டால் 20 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மீதப் பட்டையைச் சுருட்டி வைக்காதீர்கள்.

தரையில் 17 மி.மீ., 3 மீட்டர் காப்பர் பூசிய ராடு இரண்டு அல்லது மூன்று, ஒன்றுக்கொன்று 3 முதல் 6 மீட்டர் தள்ளி. பாறை தட்டினால் ராடை அறுக்க வேண்டாம், 60 செ.மீ. ஆழத்தில் 10–15 மீட்டர் பட்டையைப் படுக்கையாகப் புதையுங்கள். உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண். உப்பு மழையில் கரைந்து போகும், போகும் முன் பட்டையையும் அரிக்கும். காப்பரும் ஜிஐயும் நேராகத் தொட்டால் ஜிஐ அரிபடும். நடுவே வெள்ளீயம் பூசிய லக், ஸ்டெயின்லெஸ் போல்ட்.

கோஆக்ஸ் மாடிப்படி வழியாக உள்ளே இறங்குகிறதா? அப்படியென்றால் மாற்றுங்கள். ஷீல்டைக் கம்பத்தின் உச்சியிலும் அடியிலும் பிணைத்து, வெளிச்சுவர் வழியாகத் தரைவரை கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே எர்த்தோடு இணைத்த 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் அரெஸ்டரைப் பொருத்துங்கள். ரொட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) கேபிள் இருந்தால் அதுவும் இந்தத் தகட்டின் வழியாகவே வர வேண்டும்.

மாடிக்கம்பம்:
நன்றி சார். ரேடியோ அறை ஒரு மூலை, இபி மீட்டர் எதிர்மூலை. இரண்டு எர்த்தையும் சேர்க்கச் சுவரோரம் 14 மீட்டர் வரும். அவ்வளவு நீளப் பட்டை பிரயோஜனப்படுமா?

எர்த்பட்டை:
மண்ணுக்குள் புதைத்தால் அந்தப் பட்டையே எர்த்தாகிவிடும். வழியில் நடுவே ஒரு ராடு கூடுதலாக அடியுங்கள். சுவரில் தொங்கவிட்டால் பலன் குறைவு. ரேடியோ மேசைக்குப் போகும் 230 வோல்ட் லைனுக்கும் தகட்டருகே சர்ஜ் புரொடெக்டர் வைத்து, அதன் எர்த்தைத் தகட்டிலேயே முடியுங்கள். உங்களுக்குள்ள தூரத்துக்கு இது கட்டாயம்.

டியூப்230:
டியூப் கணக்கு: 50 ஓமில் 100 வாட் என்றால் உச்சம் 100 வோல்ட். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாமையின் அளவு) 3 ஆனால் 173. 90 வோல்ட் டியூப் நீங்கள் பேசும்போதே பற்றிக்கொண்டு எஸ்டபிள்யூஆர் குதிக்கும். 230-இல் 20 சதவீத வித்தியாசம் கழித்தாலும் 184, ஆகவே உங்களுக்கு 230. பின்னால் 400 வாட் போனால் எஸ்டபிள்யூஆர் 3-இல் 346 வோல்ட் வரும், அப்போது 600.

ஆனால் மின்னலின் வேகத்தில் 230 டியூப் அதன் இருமடங்குக்கு மேல் ஏறிய பிறகே பற்றும். அதனால் கேபிளைக் கழற்றும் பழக்கம் தேவை. கழற்றியதை மேசையில் போட்டால் அங்கிருந்து ரிக்குக்குப் பாயும். தகட்டின் வெளிப்பக்கம், உள்ளே ஷார்ட் செய்த எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்றைப் பொருத்தி அதில் திருகுங்கள். மெயின்ஸ் ப்ளக், யுஎஸ்பி, லேன் எல்லாம் பிடுங்க வேண்டும். தாமினி செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் மின்னலைக் காட்டும், 40-இல் வரும்போதே கழற்றிவிடுங்கள். இடிச்சத்தம் கேட்ட பிறகு கேபிளைத் தொடவே கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுங்கள்.

டிபி பாக்ஸில் (வீட்டு பிரேக்கர் பெட்டி) டைப் 2 எஸ்பிடி (சர்ஜ் புரொடெக்டர்), 320 வோல்ட், 20 கிலோஆம்பியர். அதன் இணைப்பு வயர்கள் மொத்தம் 50 செ.மீ.க்குள் அடங்க வேண்டும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன் டியூபைச் சோதியுங்கள். மல்ட்டிமீட்டரில் நல்லதும் ஓப்பன், பற்றும் திறன் போனதும் ஓப்பன். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) நல்ல 230 டியூப் பற்றிக்கொண்டு ரீடிங் விழும், கெட்டது பற்றாது. டியூபைக் கழற்றித் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். பொதிகை சொன்ன ரெசிஸ்டர் லைனில் இருந்தால் மெக்கர் எப்போதும் 0.11 மெகா ஓம்தான் காட்டும், ரிக் இணைந்திருந்தால் ரிக்கும் கெட்டுவிடும்.