அலுவலகத்தில் அவதூறு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாலைவெயில்:
அந்த வேலையை விட்டு வந்த பிறகும் இது மனசை விட்டுப் போகவில்லை. பயணச் செலவு பில்லில் நான் பணம் அடித்தேன் என்று மேலாளர் எங்கள் பிரிவு முழுக்க மெயில் போட்டார், என்னைத் தவிர. பிரிண்டரில் என் தாளை எடுக்கப் போனால், மேலே அந்த மெயில் கிடக்கிறது. என் பெயர் மேல் மஞ்சள் மார்க்கர். பக்கத்தில் நின்றவர் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். தணிக்கையில் என் கணக்கு சுத்தம் என்று வந்தது; அதை மட்டும் யாருக்கும் மெயில் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். நஷ்டஈடு கேட்கவில்லை, அதே ஆட்களுக்கு மறுப்பு அனுப்பு என்றுதான் கேட்டேன். இரண்டு வரி அனுப்பினார். மஞ்சள் பூசியது யார் என்று இன்னும் தெரியாது.

நேர்கோடு:
நோட்டீஸோடு விட்டிருக்கக் கூடாது. உங்கள் கையில் எழுத்து இருந்தது. எனக்கு எல்லாம் வாய்ப்பேச்சு. "கம்பெனித் தகவலை வெளியே விற்கிறான்" என்று மீட்டிங்கில் சொன்னார்கள். அங்கே தலையாட்டியவரே பிறகு "சரியாகக் காதில் விழவில்லை" என்றார். வாயால் சொன்னதற்குக் கேஸ் கிடையாது.

கார்முகில்:
எனக்கு நேர்மாறு. சீனியர் கத்துவதைப் பற்றி ஹெச்.ஆருக்கு எழுதினேன், அவர் என்மேல் அவதூறு நோட்டீஸ் விட்டார். ரிசப்ஷனில் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது கை நடுங்கியது. விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறு ஆகாது, சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. வக்கீல் அதைச் சொல்லிப் பதில் அனுப்பினார், அப்புறம் சத்தமே இல்லை. அதே புகாரை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் கதை வேறு.

வழக்குக்கட்டு:
என்னைப் பற்றிப் புது கம்பெனிக்குப் போன் போட்டு "திருடன்" என்றார்கள், வேலை போச்சு. என் கதை அவ்வளவுதான். நேர்கோடு சொன்னது தவறு. இந்தியாவில் வாயால் சொன்னதும் அவதூறுதான், மூன்றாவது ஆள் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே. சாட்சி கிடைப்பதுதான் பாடு. தனியறையில் உங்களிடம் மட்டும் திட்டினால் அவதூறு இல்லை. வழி இரண்டு. சிவிலில் மான நஷ்ட வழக்கு. கெடு ஒரே வருஷம், ஹெச்.ஆர். விசாரிக்கட்டும் என்று உட்கார்ந்தால் அது ஓடிவிடும். கிரிமினல் என்றால் 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356, அதற்கு முன் நடந்ததற்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதுச் சட்டத்தில் தண்டனையாகச் சமூக சேவையும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையாதீர்கள், இதற்கு எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். மாஜிஸ்திரேட்டிடம் நேரே புகார் கொடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். மூல மெயிலை அழிக்காதீர்கள். உண்மை என்று அவர்கள் நிரூபித்தால் சிவில் வழக்கு நிற்காது. கிரிமினலில் பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும்.

தேம்ஸ்கரை:
இங்கிலாந்திலும் கெடு ஒரு வருஷம்தான். அங்குள்ள 2013 அவதூறுச் சட்டப்படி பெயருக்குப் பலத்த சேதம் என்று காட்டாவிட்டால் வழக்கு நிற்காது. என் டீம் சாட்டில் வந்த பொய்யைப் படித்தது நாலைந்து பேர், அதனால் வழக்கு வேண்டாம் என்று என் சொலிசிட்டர் (இங்கத்திய வக்கீல்) சொன்னார். அந்த நாலைந்து பேரோடுதான் தினமும் வேலை பார்க்கிறேன்.

மாலைவெயில்:
@நேர்கோடு, வழக்குப் போட்டிருந்தால் அந்த மறுப்பு மெயிலுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அது அடுத்த இன்டர்வியூவுக்கு முன் கையில் வேண்டியிருந்தது.