பக்கத்து வீட்டு லியனை சிட்டி தள்ளுபடி பண்ணலாமா? ஹியரிங்ல நான் என்ன பேசறது? (ஃப்ளோரிடா)

ஆரஞ்சுதோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளோரிடால சொந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டு பாட்டி தவறினதுக்கு அப்புறம் அந்த வீட்டை யாருமே கவனிக்கல, புல்லு இடுப்பு ஒசரம், பின்னாடி நீச்சல் குளம் பாசி புடிச்சு பச்சையா நிக்குது, கொசுத் தொல்லைல சாயங்காலம் புள்ளைங்கள வெளிய விட முடியல. நான்தான் சிட்டிக்கு (ஊர் நிர்வாகத்துக்கு) போன் பண்ணி பண்ணி புகார் குடுத்தேன். ஒரு நாளைக்கு 250 டாலர்னு ஃபைன் ஆரம்பிச்சு, ரெண்டு வருஷம் ஓடி இப்ப 1,82,500 டாலர் லியனா, அதாவது வீட்டு மேல பதிவான பாக்கியா நிக்குது.

வீட்டு வரி பாக்கினால டேக்ஸ் டீட் ஏலத்துக்கு வந்து ஒருத்தர் எடுத்திருக்கார். அவர் லியனை முழுசா தள்ளுபடி பண்ணுங்கன்னு மனு போட்டிருக்கார். அடுத்த மாசம் ஹியரிங், நாங்களும் பேசலாமாம். எனக்கு ரெண்டு மனசா இருக்கு. தள்ளுபடி பண்ணா அவருக்கு சுளையா லாபம், பண்ணலைன்னா வீடு இன்னும் எத்தனை வருஷம் இப்படியே கெடக்குமோன்னு பயம். என்ன சொல்லட்டும்?

தாம்பாகாரன்:
வேணாம்னே சொல்லுங்க அக்கா. லியன் இருக்குன்னு தெரிஞ்சுதானே கம்மி விலைக்கு எடுத்தார், இப்ப அதையும் கழிச்சு விடுங்கன்னா என்ன நியாயம். எங்க தெருல இப்படித்தான் ஒருத்தர் தள்ளுபடி வாங்கினார், புல்லை ஒரு தடவை வெட்டி போட்டோ எடுத்து காட்டினார், ஆறே மாசத்துல வேற ஆளுக்கு வித்துட்டு போயிட்டார், வீட்டுக்குள்ள ஒரு ஆணி கூட அடிக்கல.

ஜாக்சன்வில் அண்ணாச்சி:
தங்கச்சி, நான் வேற ஊர்ல கோட் என்ஃபோர்ஸ்மென்ட் போர்டுல (வீட்டுப் பராமரிப்பு மாதிரி ஊர் விதியை மீறினா விசாரிக்கற குழு) நாலு வருஷம் சம்பளமில்லாம உக்காந்திருந்தேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். ஃப்ளோரிடா சட்டம் 162-வது அத்தியாயம்தான் இதுக்கு அடிப்படை. முதல் தடவைன்னா ஒரு நாளைக்கு 250 டாலர் வரைக்கும், திரும்ப அதே தப்புன்னா 500 வரைக்கும் போடலாம், 50,000 பேருக்கு மேல இருக்கற ஊருன்னா தனியா சட்டம் போட்டு இன்னும் ஏத்திக்கலாம். லியன் 20 வருஷம் உயிரோட இருக்கும். ஆனா அந்தப் பணம் கைக்கு வந்துடும்னு யாரும் நெனைக்காதீங்க. முன்னாடியே பேங்க் கடன் பதிவாகி, பேங்க் ஃபோர்க்ளோஷர் (கடன் கட்டாத வீட்டை கோர்ட் வழியா ஏலத்துக்கு விடறது) பண்ணிட்டா சிட்டி லியன் பெரும்பாலும் அழிஞ்சிடும். எங்க லியன்தான் முதல்லன்னு இங்க ஃப்ளோரிடால இருக்கற பாம் பே (Palm Bay) ஊர் வாதாடிச்சு, 2013-ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா டேக்ஸ் டீட் கதையே வேற. ஏலத்துல மிஞ்சின பணம் முதல்ல அரசாங்க லியனுக்கு போகும், அடைபடாத பாக்கி வீட்டோடவே ஒட்டிக்கிட்டு வரும். அதனாலதான் அவர் மனு போட்டிருக்கார், இது தீராம அவரால நல்ல விலைக்கு விக்கவே முடியாது. அதாவது இப்ப சிட்டி கைலதான் பிடி இருக்கு. முழுசா விட்டா பிடி போச்சு, ஒரேடியா மறுத்தா அவர் வீட்டை அப்படியே போட்டுட்டு போயிடுவார், நஷ்டம் உங்க தெருவுக்கு.

வெயில்நேரம்:
நான் அந்தப் பக்கம் நின்னவன், அதையும் கேளுங்க. அப்பாவுக்கு மதுரைல ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம் அங்கயே இருந்தேன், புல்லு வெட்டறவர் நடுவுல நின்னுட்டார், நோட்டீஸெல்லாம் பூட்டின வீட்டு மெயில்பாக்ஸ்ல கெடந்துச்சு. வந்து பாத்தா 20,000 டாலருக்கு மேல. அன்னிக்கே வெட்டிட்டேன், ஆனா இன்ஸ்பெக்டரை கூப்பிட்டு சரியாயிடுச்சுன்னு எழுதி வாங்கணும்னு தெரியல, அதுக்குள்ள இன்னும் மூணு வாரம் மீட்டர் ஓடிடுச்சு. கடைசில குறைச்சாங்க. ஃப்ளோரிடாலயே டனீடின்ங்கற ஊர்ல 2018-ல ஒருத்தர் இறந்து போன அம்மாவோட சொத்து வேலையா வெளியூர் போயிருந்தப்ப, புல்லு வெட்டிட்டு இருந்த நண்பரும் இறந்துட்டார், ஃபைன் 30,000 கிட்ட வந்துச்சு, ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போயும் சிட்டி பக்கம்தான் தீர்ப்பு. அதனால தள்ளுபடியே கூடாதுன்னு மட்டும் தயவுசெஞ்சு பேசாதீங்க.

ஆரஞ்சுதோட்டம்:
வெயில்நேரம், படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு, அப்பா இப்ப எப்படி இருக்காங்க? அண்ணாச்சி, ஹியரிங்குக்கு முன்னாடி நான் எதை பாத்து வெச்சுக்கணும்?

ஜாக்சன்வில் அண்ணாச்சி:
சிட்டி கிளார்க் ஆபீஸ்ல அந்த கேஸ் ஃபைலை கேளுங்க, அது பொது ஆவணம், யார் கேட்டாலும் குடுக்கணும். அதுல சிட்டி கைக்காசு போட்டு புல்லு வெட்டினது, கதவை பலகை அடிச்சு மூடினது எவ்ளோன்னு தனியா இருக்கும், அது மக்கள் வரிப்பணம், அதுல ஒரு டாலர் கூட விடக்கூடாது. தினசரி ஃபைன் வேற, அது ஓனரை வேலை செய்ய வைக்கறதுக்கு போட்டது, வேலை நடந்தா அதை குறைக்கறதுல தப்பே இல்ல. அப்புறம் அவர் பேர்ல வேற வீட்டுக்கு இதே மாதிரி கேஸ் இருக்கான்னு பாருங்க. எங்க போர்டுல நான் முதல்ல கேட்டதே அதான்.

வெயில்நேரம்:
அப்பா இப்ப தேவலை, குச்சி வெச்சு நடக்கறார்.

ஆரஞ்சுதோட்டம் (அஞ்சு வாரம் கழிச்சு):
முடிஞ்சுது. ஃபைல்ல சிட்டி செலவு 6,400 டாலர். அவருக்கு வேற ஊர்ல ரெண்டு கேஸ் இருந்துச்சு, ரெண்டையும் சரி பண்ணி முடிச்சிருக்கார். நான் எழுந்து, குளத்தையும் கூரையையும் முதல்ல சரி பண்ணட்டும், அப்புறம் குறைங்கன்னு சொன்னேன், கை நடுங்கிச்சு ஆனா முழுசா சொல்லிட்டேன். ஹியரிங் நடத்தின மேஜிஸ்ட்ரேட் 6,400-ஐ முழுசா கட்டணும், அதுக்கு மேல 18,000, 90 நாளுக்குள்ள வேலை முடிச்சு இன்ஸ்பெக்ஷன் பாஸாகணும், இல்லன்னா பழைய தொகையே திரும்ப நிக்கும்னு உத்தரவு போட்டார். தாம்பாகாரன் தம்பிக்கு இது பிடிக்காதுன்னு தெரியும்.

தாம்பாகாரன்:
கெடு வெச்சிருக்காங்கல்ல அக்கா, அது போதும். எங்க தெருவுல அதான் இல்லாம போச்சு.

ஆரஞ்சுதோட்டம்:
நேத்து காலைல ரெண்டு பேர் வந்து பம்ப் வெச்சு குளத்தை எறைச்சிட்டு இருந்தாங்க.