ஸ்ட்ராஸோட ‘ஃபோர் லாஸ்ட் சாங்ஸ்’ கேட்டு அழுகை வருதே, அது பாட்டுக்கா இல்ல கதைக்கா?

ஒத்தைவயலின்:

எல்லாருக்கும் வணக்கம். சிம்ஃபனி, பியானோ எல்லாம் கேட்பேன், ஆனா ஓப்பரா குரல்னா தூரமா ஓடிடுவேன், அந்த சோப்ரானோ (பொம்பளைங்க குரல்லயே உச்சமானது) மேல போறப்ப எனக்கு காது கூசும். அப்படிப்பட்ட எனக்கு ஆட்டோப்ளேல ஏதோ முடிஞ்சு ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸோட ‘ஃபோர் லாஸ்ட் சாங்ஸ்’ல, அதாவது ஆர்கெஸ்ட்ராவோட பாடற ‘கடைசி நாலு பாட்டு’ல, மூணாவது பாட்டு வந்துச்சு, ‘பைம் ஷ்லாஃபன்கேஹன்’, தூங்கப்போற நேரத்துப் பாட்டு. நடுவுல பாடறவங்க நிறுத்திடறாங்க, ஒரே ஒரு வயலின் மட்டும் மெல்ல மேல ஏறுது பாருங்க, அங்கயே எனக்குத் தொண்டை அடைச்சு கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது, என்ன பாட்டுன்னும் தெரியாது, அன்னிக்கு எனக்கு மனசுல ஒரு கவலையும் கிடையாது, நல்லா சாப்டுட்டு ஜாலியா உக்காந்திருந்த ஆளு.

அப்பறம் தேடிப் படிச்சேன். 1948ல எழுதினது, அவருக்கு 84 வயசு, அடுத்த வருஷம் செப்டம்பர் 8 போய்ச் சேர்ந்துட்டார், மேடையில யாரும் பாடி அவர் கேட்கவே இல்ல. இதெல்லாம் தெரிஞ்சுட்டு மறுபடி போட்டா இன்னும் ஜாஸ்தியா அழுகை வருது, ஆனா இப்ப எனக்கு ஒரு சந்தேகம், மொத தடவை வந்தது பாட்டுக்காக, ரெண்டாவது வந்தது அந்தக் கிழவருக்காகன்னு. ரெண்டும் ஒண்ணு இல்லையே? உங்களுக்கு எந்த எடத்துல வரும், எதனால வரும்னு சொல்லுங்க.

கொம்பூதி:

வாங்க வாங்க. எனக்கு வயலின் இல்லீங்க, ரெண்டாவது பாட்டு, ‘செப்டம்பர்’. அதுல கோடை காலம் மெதுவா கண்ணை மூடுதுன்னு பாடி முடிச்சதும் ஹார்ன் ஒண்ணு தனியா வரும், பெருசா ஒண்ணும் பண்ணாது, நாலஞ்சு வரி பேசிட்டு அடங்கிடும். ஸ்ட்ராஸோட அப்பா ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ் ம்யூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ரால பெரிய ஹார்ன்காரர், சின்ன வயசுலேர்ந்து வீட்ல அந்த சத்தம்தான். 84 வயசு மனுஷன் பாட்டை முடிக்க அப்பாவோட வாத்தியத்தைக் கூப்பிடறார்னு நினைச்சா நான் காலி. ஆமா இதுவும் கதைதான், ஒத்துக்கறேன் 😄

ஆனா கதையைப் பத்தி ஒண்ணு சொல்லணும், நீங்க கேட்டதால. ‘கடைசி’ங்கற பேர் அவர் வெச்சது கிடையாது. அவர் போனப்பறம் பப்ளிஷர் எர்ன்ஸ்ட் ரோத் வெச்ச பேர், இப்ப நாம கேட்கற வரிசையும் ரோத் போட்டதுதான். ஸ்ட்ராஸ் எழுதின வரிசைப்படி பாத்தா, நாம நாலாவதா கேட்கற ‘இம் ஆபென்ட்ரோட்’ (அந்தி வெளிச்சத்துல) தான் மொதல்ல முடிஞ்சது, மே மாசம். ‘செப்டம்பர்’ தான் கடைசி, அதுவும் பேருக்கேத்த மாதிரி செப்டம்பர் மாசத்துலயே. அதுக்கப்பறமும் நவம்பர்ல ‘மால்வன்’னு இன்னொரு பாட்டு எழுதி பாடகி மரியா யெரிட்ஸாவுக்குக் குடுத்திருக்கார், அந்தம்மா 1982ல சாகற வரைக்கும் அது வெளியவே வரல. அதனால ‘இதான் என் கடைசி வார்த்தை’ன்னு திட்டம் போட்டு உக்காந்து எழுதினார்னு நினைச்சு அழறவங்க கொஞ்சம் பப்ளிஷருக்கும் சேர்த்து அழறாங்க.

மொத கச்சேரி 1950 மே 22, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாடி ஃபுர்ட்வாங்ளர் கண்டக்ட் பண்ணது. அன்னிக்கு வரிசையே வேற, தூங்கப்போற பாட்டுதான் மொதல்ல. அந்தக் கச்சேரிக்கு 4800 டாலர் பொறுப்பேத்துக்கிட்டது யாருன்னு நினைக்கறீங்க, நம்ம மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். கர்நாடக சங்கீதத்துல கீர்த்தனையெல்லாம் எழுதினாரே, அதே ஆளுதான். ரெக்கார்டிங் பண்ணி தனக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஒலிப்பதிவு இன்னிக்கும் கிடைக்குது, கரகரன்னு இருக்கும், ஆனா கேளுங்க.

தாளக்கணக்கு:

நான் கொஞ்சம் மெக்கானிக் பார்வைல சொல்றேன், திட்டாதீங்க. மொத தடவை ஒண்ணுமே தெரியாம வந்ததுக்கு நல்ல காரணம் இருக்கு. ஜான் ஸ்லோபோடான்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1991ல, எந்தெந்த எடத்துல கண்ணீர் வருது எந்தெந்த எடத்துல சிலிர்ப்பு வருதுன்னு கேட்டு அந்த எடத்தை நோட்டேஷன்ல போய்ப் பாத்தார். கண்ணீர் வந்த எடங்கள்ல அடிக்கடி இருந்தது, ஹார்மனிக்கு (கூடவே சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்களுக்கு) ஒட்டாத ஒரு ஸ்வரத்துல மெலடி வந்து சாஞ்சு, அப்பறம் பக்கத்து ஸ்வரத்துல இறங்கி ஒட்டிக்கற அமைப்பு. சிலிர்ப்பு வந்த எடங்கள்ல ஹார்மனி திடீர்னு எதிர்பாராம மாறுறது. ஸ்ட்ராஸ் இந்த ரெண்டுலயும் கில்லாடி, ஒவ்வொரு ரெண்டு வரிக்கும் தரையை நகத்திட்டே இருப்பார், எங்க நிக்கறோம்னு தெரியறதுக்குள்ள வேற ஊர் வந்துடும்.

அந்த வயலின் விஷயத்துக்கு வருவோம். அது சும்மா இடைவெளியை ரொப்பல. அந்த மெட்டை முழுசா வயலின் மொதல்ல வாசிச்சுக் காட்டிடும், அப்பறம் பாடறவங்க வந்து, காவல் இல்லாத ஆத்மா சுதந்திரமா பறக்கப் பாக்குதுன்னு அர்த்தம் வர்ற வரியை அதே மெட்டுல எடுப்பாங்க. அப்ப உங்க மூளைக்கு என்ன வரப்போகுதுன்னு ஏற்கனவே தெரியும், காத்திட்டிருக்கும், வந்து சேர்ந்ததும் அணை ஒடையும். 2011ல மெக்கில் யுனிவர்சிட்டில ஸ்கேன் வெச்சுப் பாத்தாங்க, பிடிச்ச பாட்டோட உச்சம் வர்ற நேரத்துல மட்டுமில்ல, அதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரத்துலயே டோபமைன்ங்கற சந்தோஷ ரசாயனம் சுரக்குது, அதுவும் மூளைல வேற எடத்துல. அதனாலதான் தெரிஞ்ச பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்கறதில்ல, இன்னும் மோசமாகுது.

அழுகைன்னாலே சோகம்னு நாம வெச்சுக்கறோம், நாம பேசற இந்த ரெண்டு பாட்டும் சோகச் சாயல் தர்ற மைனர் ஸ்கேல் ஒப்பாரி கிடையாது, தெளிஞ்ச சாயல் தர்ற மேஜர். தூங்கப்போற பாட்டு டி ஃப்ளாட் மேஜர், கடைசிப் பாட்டு ஈ ஃப்ளாட் மேஜர். சோகமா இருந்தா மனசைத் தயார் பண்ணிக்கலாம், இது அந்த டைம் தரமாட்டேங்குது.

கறுப்புச்சட்டை:

எனக்கு வரலப்பா. யாராவது ஒருத்தர் சொல்லணும்ல. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சனையே. பட்டு மேல பட்டு, ஜரிகை மேல ஜரிகை. 1948ல ஜெர்மனி முழுக்க இடிபாடு, இவர் ஸ்விட்சர்லாந்து ஓட்டல்ல உக்காந்து அந்தி வெளிச்சம் எவ்வளவு அழகுன்னு எழுதறார். 1933லேர்ந்து 35 வரைக்கும் நாஜி அரசாங்கத்தோட இசைச் சபைக்கு இவர்தான் தலைவர், அதை எப்படி மறந்துட்டு ‘ஐயோ பாவம் கிழவர்’னு உருக முடியும்? கதைக்காக அழறதுன்னா முழுக் கதைக்கும் சேர்த்து அழுங்க.

எனக்கு இன்னொரு இசையமைப்பாளர் மாலர்தான். அவரோட ‘டாஸ் லீட் ஃபான் டெர் எர்டே’ங்கற பாட்டுத் தொகுப்போட கடைசில ‘ஏவிக், ஏவிக்’னு (என்றென்றும்) சொல்லிச் சொல்லி கரைஞ்சு போகும், அங்க நான் அழுதிருக்கேன், மறைக்கல. 1947 எடின்பரோல கேத்லீன் ஃபெரியர் ப்ரூனோ வால்டர் கண்டக்ட் பண்ணப் பாடினப்ப அந்தக் கடைசி ‘ஏவிக்’ பாட முடியாம அழுகை வந்து நின்னுட்டாங்க. அது இசை. ஸ்ட்ராஸ்ல எல்லாம் ரொம்ப ரொம்ப சௌக்கியமா முடியுது.

தாளக்கணக்கு:

தலைவர் பதவி சரி, ஆனா பாதில விட்டீங்க. யூதரான ஸ்டெஃபான் ஸ்வைக் கூட சேர்ந்து ஓப்பரா எழுதினதுக்கும், அவருக்கு எழுதின லெட்டர் மாட்டிக்கிட்டதுக்கும்தான் 35ல ராஜினாமா பண்ண வெச்சாங்க. மருமகள் ஆலிஸ் யூதப் பொண்ணு, அந்தம்மா குடும்பத்துல பல பேரைக் கொன்னுட்டாங்க. நான் அவரை நல்லவர்னு சொல்ல வரல, கோழைத்தனமும் இருந்துச்சு சுயநலமும் இருந்துச்சு. 1948 ஜூன்லதான் நாஜித் தொடர்பு பத்தின விசாரணை முடிஞ்சு அவர் மேல குத்தம் இல்லன்னு விட்டாங்க, அந்த வருஷமேதான் இந்தப் பாட்டெல்லாம். அப்ப சௌக்கியமான ஆளு எழுதினதுன்னு எனக்குத் தோணல.

மணியம்மா:

தம்பிங்களா, நான் இங்க அதிகம் எழுதறதில்ல. கறுப்புச்சட்டை தம்பி சொன்னதுல ஒரு பங்கு நியாயம் இருக்கு, ஆனா ஒரு பாட்டு எனக்கு ஆறுதல் தர்றதுக்கு அதை எழுதினவன் மகானா இருக்கணும்னு நான் கேட்கமாட்டேன். அப்படிக் கேட்டா என்கிட்ட கேசட்டே மிஞ்சாது.

எனக்கு நாலாவது பாட்டு. அதோட வரிகள் மத்த மூணு மாதிரி ஹெர்மன் ஹெஸ்ஸேங்கற எழுத்தாளர் எழுதினதில்ல, ஐஷென்டார்ஃப்னு 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எழுதினது. ஒரு வயசான ஜோடி, கஷ்டத்துலயும் சந்தோஷத்துலயும் கைகோத்து நடந்து வந்துட்டோம், இப்ப ஓய்வெடுப்போம்னு ஆரம்பிக்குது. சுத்திலும் பள்ளத்தாக்கு இருட்டிட்டு வருது, ரெண்டு வானம்பாடி மட்டும் மேல போகுது, அதுக்கு ஸ்ட்ராஸ் புல்லாங்குழல்ல நடுக்கம் வெச்சிருப்பார். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நாங்க சேர்ந்து கேட்போம், அவருக்கு அந்தக் குருவிச் சத்தம் வர்ற எடம் பிடிக்கும், விரலை ஆட்டிக் காட்டுவார், இதோ இதோன்னு. அவர் போனப்பறம் நான் அந்தப் பாட்டோட ஆரம்ப ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டறதில்ல. குரல் வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துக்கு மேலயே ஆர்கெஸ்ட்ரா மட்டும் பெருசா விரிஞ்சு வரும், அதைக் கேட்பேன், பாடகி மூச்சு எடுக்கற நேரத்துல நிறுத்திடுவேன். இன்னிக்கும் அப்படித்தான். இது துக்கமான்னா அதுவும் சரியா சொல்லத் தெரியல, நல்லாத்தான் இருக்கு நிறுத்தற வரைக்கும்.

ஸ்ட்ராஸ் சம்சாரம் பாலினேவும் ஒரு சோப்ரானோ பாடகிதான். கல்யாணத்துக்கு அவர் குடுத்த பரிசே நாலு பாட்டு, 1894ல. ரொம்பக் கோபக்காரி, ஊரே பேசும், அம்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்தாங்க. அவர் போன மறு வருஷம் மே 13 அந்தம்மாவும் போயிட்டாங்க, லண்டன் கச்சேரிக்கு ஒம்பது நாள் முன்னாடி. கதைக்கு அழறதா பாட்டுக்கு அழறதான்னு கேட்டிருக்கீங்க, எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரிய வந்தது ரொம்ப வருஷம் கழிச்சு. மொதல்ல இருந்தது எங்க கதை மட்டும்தான்.

அப்பறம் ஃபெரியர் பத்தி: பாடறவங்க அழுதா பாட்டு நின்னுடும், தொண்டை இறுகிடும். ஸ்ட்ராஸோட அடக்கத்துலயும் அதான் நடந்துச்சு, அவரோட ‘ரோஸன்காவலியர்’ ஓப்பராவுல வர்ற மூவர் பாட்டு பாடினப்ப பாடகிங்க ஒவ்வொருத்தரா உடைஞ்சு போய் திரும்பச் சேந்துக்கிட்டாங்க, ஜார்ஜ் ஷோல்டிதான் கண்டக்டர். அந்த மாதிரி பாடகிங்களே உடையற ஆளை சௌக்கியம்னு சொல்றது எனக்கு ஒப்பலப்பா.

கறுப்புச்சட்டை:

அம்மா, உங்க கிட்ட வாதாட நான் வரல. நீங்க சொன்ன அந்த ஆரம்ப ஆர்கெஸ்ட்ராவை இன்னிக்கு போட்டுக் கேட்டேன். அழுகை வரல. ஆனா கடைசில ‘இதுதான் சாவோ?’ன்னு கேட்டதும் ஆர்கெஸ்ட்ராவுல ஒரு மெட்டு வருதே, அதை எங்கயோ கேட்டிருக்கேனே, யாராவது சொல்லுங்க.

கொம்பூதி:

அது அவரோட சொந்தச் சரக்குதான். ‘டெத் அண்ட் ட்ரான்ஸ்ஃபிகரேஷன்’, 1889ல முடிச்ச டோன் போயம் (ஆர்கெஸ்ட்ராவாலயே கதை சொல்றது), இருபத்தஞ்சு வயசுப் பையனா இருந்தப்ப சாகற ஒருத்தனைப் பத்தி எழுதினது. அறுவது வருஷம் கழிச்சு அதே மெட்டை எடுத்து, கேள்விக்கு பதிலா வெச்சிருக்கார். சாகக் கிடக்கறப்ப மருமகள் ஆலிஸ் கிட்ட, நான் அதுல எழுதின மாதிரியேதான் இருக்கு சாவுன்னு சொன்னதா சொல்வாங்க. இருபத்தஞ்சு வயசுல குருட்டாம்போக்கா எழுதி சரியா அடிச்சிருக்கான் பாருங்க மனுஷன்.

ஒத்தைவயலின்:

எல்லாருக்கும் நன்றி, மணியம்மாவுக்கு ஸ்பெஷலா. நான் கேட்டது ஜெஸ்ஸி நார்மன் பாடினது, 1982, கர்ட் மஸூர், லைப்ஸிக் ஆர்கெஸ்ட்ரா. அது மட்டும்தான் தெரியும். வேற யார் பாடினது கேட்கலாம்?

கொம்பூதி:

நார்மன் பெருங்கடல், ஆனா ரொம்ப நிதானம், கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிஷம் போகும், மூச்சு எங்க எடுக்கறாங்கன்னே தெரியாது. ஷ்வார்ஸ்காஃப் பாடி ஷெல் கண்டக்ட் பண்ண 1965 பதிவைக் கேளுங்க, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் வெச்சுப் பாடுவாங்க, சில பேருக்கு அது செயற்கையா படும், எனக்குப் படல.

மணியம்மா:

யானோவிட்ஸ். காராயன் கூட, 1973. வேற எதுவும் வேண்டாம். அந்தக் குரல்ல ஒரு கலங்கலும் இருக்காது, உங்களுக்கு சோப்ரானோ காது கூசும்னீங்களே, இது கூசாது.

தாளக்கணக்கு:

யானோவிட்ஸ் பாடறப்ப வார்த்தை ஒண்ணும் புரியாதேம்மா.

மணியம்மா:

அந்தத் தம்பிக்குத்தான் ஜெர்மனே தெரியாதே, என்ன போச்சு இப்ப?