மறு: மறு: ‘இயக்க ரொக்க ஓட்ட முன்கணிப்பு’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.
ஒரு நிறுவனத்தின் அன்றாடத் தொழிலால் அடுத்த ஆண்டு கையில் எவ்வளவு பணம் தங்கும் என்று மதிப்பிடுவதைப் பற்றி பி.காம். மாணவர்களுக்குக் குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘இயக்க ரொக்க ஓட்ட முன்கணிப்பு’ என்று வைத்திருக்கிறேன். இலாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். எதிர்பார்க்கும் இலாபம் 20 லட்சம் என்போம். ரொக்கமாக வெளியே போகாத செலவான தேய்மானம் 5 லட்சத்தைக் கூட்டி, கடனுக்குச் சரக்கு வாங்கிய கடனாளிகளிடம் கூடுதலாக முடங்கும் 18 லட்சத்தைக் கழித்து, நமக்குக் கடனுக்குச் சரக்குத் தந்த கடனீந்தோருக்குத் தர வேண்டியதில் கூடும் 3 லட்சத்தைச் சேர்த்தால் மிஞ்சுவது 10 லட்சம்தான்.

*

அம்மா, காசு இருக்க ரொக்கம் எதற்கு? குறுந்தொகையில் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்காசுதான் உவமை. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடும் நாள், மலர், காசு, பிறப்பு. ‘ஓட்ட’மும் வேண்டாம். ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’ என்கிறார் வள்ளுவர். வருவது ஆகாறு, போவது போகாறு. ‘ஆகாற்று முன்கணிப்பு’ எனலாமே.

*

> ஆகாற்று முன்கணிப்பு

ஐயா, அது வரவை மட்டும் சொல்கிறது. அம்மா கேட்பது வரவில் செலவு போக நிற்பதை. இலங்கையில் நாங்கள் ‘காசுப் பாய்ச்சல்’ என்றுதான் படித்தோம். முன்கணிப்புக்கு ‘எதிர்வுகூறல்’; வானிலைக்கும் அதே சொல்தான்.

*

பாய்ச்சு என்பது பிறவினை. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம். காசை யார் பாய்ச்சுகிறார்? பாய்வு என்பதே முறை.

*

புலியின் பாய்ச்சல் தன்வினைதானே, ஐயா?

*

பாய்வோ பாய்ச்சலோ, இரண்டும் புரிகின்றன. எனக்கு இடிப்பது ‘இயக்க’. நான் கணக்குப் பார்க்கும் ஆலைகளில் இயக்கம் என்றால் எந்திரம் ஓடுவது. இங்கே எந்திரம் வாங்கிய பணம் முதலீட்டில் சேரும், வங்கிக் கடன் நிதி நடவடிக்கையில் சேரும். இரண்டையும் விலக்கிய பிறகே இந்தத் தொகை வரும். ‘தொழில்வழி’ என்றால் சரக்கு விற்று, கூலி கொடுத்து, வசூல் செய்து மிஞ்சியது என்று உடனே பிடிபடும்.

*

எல்லோருக்கும் நன்றி. ‘தொழில்வழிக் காசுப்பாய்வு முன்கணிப்பு’ என்றே அனுப்புகிறேன். ரொக்க ஏடு மட்டும் ரொக்க ஏடாகவே இருக்கும். பள்ளியில் படித்த பெயரை மாற்றினால் மாணவர்கள் குழம்புவார்கள்.

*

சரி அம்மா. உள்வருவதற்கும் வெளிச்செல்வதற்கும் தனித்தனிப் பத்தி இருக்குமல்லவா? அவற்றின் தலைப்பாகவாவது ஆகாறு, போகாறு போடுங்கள். ‘ரொக்க ஏடு’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.