புதுப்பிப்பு: தாத்தா போன பிறகு பேச்சைக் குறைத்த என் மகள்

ஜூனில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருந்தேன். தாத்தா இறந்ததிலிருந்து என் ஏழு வயது மகள் சரியாகப் பேசுவதில்லை, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், என்ன செய்யலாம் என்று. விளையாட்டு வழி சிகிச்சை பாருங்கள் என்றீர்கள். சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாரம் ஒரு நாள் பாலக்காட்டுக்குப் போகிறோம், முக்கால் மணி நேரம். அங்கே சிகிச்சை தரும் அம்மா மலையாளம்தான் பேசுவார். வீட்டில் தமிழே பேசி வளர்ந்த பிள்ளை எப்படி ஒட்டும் என்று பயந்தேன். ஆனால் மொழி பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒரு தட்டு நிறைய மணல், அலமாரி நிறையக் குட்டி பொம்மைகள். 1920களின் இறுதியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தொடங்கிய முறை. குழந்தை தன் உலகத்தைத் தானே அமைக்கும். பெரியவர் கூட இருப்பார், ஏன் எதற்கு என்று துருவ மாட்டார்.

ஐந்து வாரம் ஒரு கிழவர் பொம்மையை மணலில் புதைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறாவது வாரம் அவளே என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். கிழவர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பஸ்ஸில், “அம்மா, தாத்தா எனக்கு நுங்கு வெட்டித் தருவாரு இல்ல?” என்றாள். அவர் போன பிறகு அவரைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ராத்திரி விழிப்பு இன்னும் இருக்கிறது, குறைந்திருக்கிறது. வீட்டில் அவள் வரையும் படங்களுக்கு நாங்கள் அர்த்தம் கேட்பதை நிறுத்திவிட்டோம். அடுத்த வாரம் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறாள். சரி என்றேன்.