ஏடிபிக்குத் தெரியும் கைபேசி ஃபாஸ்ட்பூட்டுக்குத் தெரியவில்லை: பூட்லோடர் பூட்டுதான் காரணமா?

கேள்வி

என் கைபேசிக்கு அதன் தயாரிப்பாளர் வழங்கிவந்த மென்பொருள் மேம்படுத்தல்கள் நின்றுவிட்டன. கருவி நல்ல நிலையில் இருப்பதால் அதில் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை நிறுவலாம் என்று எண்ணி, முதல் படியாகப் பூட்லோடரை, அதாவது கைபேசியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை, திறக்க முயன்றேன். விண்டோஸ் 11 கணினியில் இணைத்து, ஆண்ட்ராய்டு இயங்கும் கைபேசிக்குக் கணினியிலிருந்து கட்டளையிடும் ஏடிபி கருவியில் 'ஏடிபி டிவைசஸ்' என்று இட்டால் கைபேசியின் வரிசை எண் சரியாகத் தெரிகிறது. ஆனால் 'ஏடிபி ரீபூட் பூட்லோடர்' கட்டளையின் வழியே, பூட்லோடருக்கே கட்டளையிட உதவும் ஃபாஸ்ட்பூட் திரைக்குச் சென்றபின் 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று இட்டால் ஒரு வரிகூட வருவதில்லை. 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்' என்று இட்டாலோ 'வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்' என்ற செய்தியோடு கணினி அப்படியே நின்றுவிடுகிறது. பூட்லோடர் பூட்டியிருப்பதால்தான் இணைப்பு மறுக்கப்படுகிறதா, அல்லது இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகளா?

பதில் 1

கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும் கேபிள்களில் தரவுக்கான கம்பிகள் இருப்பதில்லை. இத்தகைய சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

பதில் 2

பொதுவாக அது நல்ல அறிவுரைதான். ஆனால் இங்கே பொருந்தாது. அதே கேபிளில் ஏடிபி வரிசை எண்ணைக் காட்டுகிறது என்றால், தரவுக் கம்பிகள் இருக்கின்றன என்பது உறுதியாகிவிட்டது. பூட்டும் காரணமல்ல. பூட்டிய பூட்லோடரும் 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' கட்டளைக்குத் தன் வரிசை எண்ணைச் சொல்லும். கைபேசிச் சேமிப்பகத்தின் பகுதிகளில் (பார்ட்டிஷன்) எழுதுவது போன்ற செயல்களைத்தான் அது மறுக்கும். மறுக்கும்போதும் பிழைச் செய்தி ஒன்று திரும்பி வருமே தவிர, கணினி மௌனமாகக் காத்துக்கொண்டிருக்காது. மௌனம் என்றால், கட்டளை கைபேசியைச் சென்றடையவே இல்லை என்று பொருள்.

ஆண்ட்ராய்டு இயங்கும்போது கைபேசி கணினியிடம் ஓர் அடையாள எண்ணைச் சொல்கிறது. பூட்லோடருக்குச் சென்றதும் வேறோர் அடையாள எண்ணைச் சொல்கிறது. விண்டோஸின் கண்ணுக்கு இவை இரண்டு தனித்தனிக் கருவிகள். முதல் கருவிக்கு டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) அமைந்துவிட்டதால் இரண்டாவதற்கும் அமைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கைபேசி ஃபாஸ்ட்பூட் திரையில் இருக்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள்; 'பிற சாதனங்கள்' பகுதியில் 'ஆண்ட்ராய்டு' என்ற பெயர் மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் இருக்கக்கூடும். கூகுள் யூஎஸ்பி டிரைவரைத் தரவிறக்கி விரித்து வைத்துக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் வலச்சொடுக்கி, டிரைவரைப் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் சென்று, 'ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொருந்துமா என்று உறுதியாகத் தெரியவில்லை என விண்டோஸ் எச்சரித்தாலும் தொடரலாம்.

அதன் பின்னும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், யூஎஸ்பி 3 துளையைத் தவிர்த்து, யூஎஸ்பி 2 துளையிலோ, இடையில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப் வைத்தோ இணையுங்கள். சில கைபேசிகளின் பூட்லோடர்கள் புதிய துளைகளோடு ஒத்துப்போவதில்லை. காரணம் புரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் இதில் இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

டிரைவர்தான். நீங்கள் சொன்ன மஞ்சள் குறி அங்கே இருந்தது. மாற்றியவுடன் ஃபாஸ்ட்பூட் வரிசை எண்ணைக் காட்டியது. ஆனால் திறக்கும் கட்டளையை இட்டால், திறப்பதற்கு அனுமதியில்லை என்று இப்போது பிழைச் செய்தி வருகிறது. அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற தெரிவு சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கிறது, தொட்டாலும் அசைவதில்லை.

பதில் 3

இப்போதுதான் நீங்கள் உண்மையான பூட்டுக்கு முன் வந்திருக்கிறீர்கள். 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் கெட் அன்லாக் எபிலிட்டி' என்று, கடைசி மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்து இட்டுப் பாருங்கள். 1 என்று வந்தால் திறக்க அனுமதி உண்டு. 0 என்று வந்தால் இல்லை. 0 வரும் நிலையில் எந்த டிரைவரும் எந்தக் கேபிளும் உதவாது. அந்த அனுமதியை ஆண்ட்ராய்டுக்குள்ளிருந்துதான் கொடுக்க முடியும்.

தெரிவு மங்கியிருப்பதற்குக் காரணங்கள் சில. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியே வாங்கிய கைபேசியாக இருந்து, அந்த நிறுவனம் திறப்பதைத் தடுத்திருக்கலாம். அப்படியென்றால் அவர்களிடம் கேட்பதைத் தவிர நேர்வழி இல்லை. அலுவலகக் கணக்கு கைபேசியை நிர்வகித்தாலும் தெரிவு முடக்கப்படலாம். மூன்றாவது, பலரும் கவனிக்காத எளிய காரணம்: சில கைபேசிகள் இணையத்தில் ஒருமுறை சரிபார்த்த பின்னரே அந்தத் தெரிவை விடுவிக்கின்றன. வைஃபையில் இணைத்து, சற்று நேரம் விட்டு, மீண்டும் பாருங்கள்.

சில தயாரிப்பாளர்கள் இந்தத் தெரிவோடு நிறுத்துவதில்லை. சியோமி கைபேசிகளில் கணக்கை இணைத்த பின் சில நாட்கள் காத்திருக்கச் சொல்வது பலர் அறிந்த வழக்கம். சாம்சங் கைபேசிகளில் ஃபாஸ்ட்பூட்டே கிடையாது, டவுன்லோட் மோட் என்ற வேறு வழிதான். ஆகவே உங்கள் மாதிரிக்குரிய முறையைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் எந்தக் கைபேசிக்கும் திறப்புக் குறியீடு தருவதாகச் சொல்லும் தளங்களை நம்பவேண்டாம்.

பதில் 2

ஒரு சொல் சேர்க்கிறேன். திறக்கும் கட்டளை கைபேசியிலுள்ள எல்லாத் தரவையும் அழித்துவிடும். கைபேசியைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து உங்கள் கோப்புகளைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அழிக்காமல் திறக்க வழி தேடுவது வீண். படங்களை நகலெடுக்க எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டாம் படிச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் செயலியைத்தான் மறந்துவிடுவார்கள். அதை முதலில் வேறு கருவிக்கு மாற்றுங்கள்.

திறந்த கைபேசியில் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கலாம். காணொளிச் சேவைகளில் படத்தின் தெளிவு குறையலாம். அதற்காக, லினேஜ் நிறுவிய பின் பூட்லோடரை மீண்டும் பூட்டிவிடாதீர்கள். தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத அமைப்பைப் பூட்டிய பூட்லோடர் தொடங்க மறுத்துவிடும். அந்த வேளையில் ஓஇஎம் அன்லாக்கிங் அணைந்திருந்தால், மறுபடி திறக்கவும் முடியாமல் கைபேசி முடங்கிப்போகும்.

கேள்வி கேட்டவர்

வைஃபைதான் காரணம். பழைய சிம்மை எடுத்துவிட்டுச் சில மாதங்களாக இணையமே இல்லாமல் வைத்திருந்த கைபேசி இது. இணைத்த பத்து நிமிடத்தில் தெரிவு உயிர்பெற்றது. அதை இயக்கிவிட்டு ஃபாஸ்ட்பூட்டில் கேட்டபோது 1 என்று விடை வந்தது. சரிபார்ப்புச் செயலியை மாற்றிவிட்டேன். படங்கள் இன்னும் நகலாகிக்கொண்டிருக்கின்றன. அவை முடிந்த பிறகே திறக்கும் கட்டளையை இடுவேன்.